பாறை வகுத்த தெருக்கள்

கனடாவின் கியூபெக் நகரத்தைப் பிரான்சிலிருந்து பெயர்த்து வைத்த ஊர் என்பார்கள். அதன் தெருக்களை வகுத்ததில் பிரான்சைவிடப் பாறைக்கே பங்கு அதிகம். 1608இல் பிரெஞ்சு ஆய்வுப் பயணி சாம்ப்ளேன் செயின்ட் லாரன்ஸ் ஆற்றோரம், செங்குத்தான குன்றின் அடியில் குடியேற்றம் அமைத்தார். கப்பல் அணைய வசதி கீழே, பீரங்கி நிறுத்த வசதி மேலே. ஆகவே வணிகர்கள் கீழூரிலும் ஆளுநரும் துறவியரும் மேலூரிலும் தங்கினார்கள். சரிவில் வளைந்தேறும் கோத் த லா மோந்தாஞ் பாதை இரண்டையும் இணைத்தது. கீழூரில் இடநெருக்கடி. 1682 தீயில் அதன் பெரும்பகுதி அழிந்தது. பிறகு கல் வீடுகளும், தீ பரவாதிருக்கக் கூரைக்கு மேல் எழும்பும் பக்கச்சுவர்களும் பெருகின. நிலம் போதாமல் ஆற்றைத் தூர்த்தும் தெரு போட்டார்கள்.

மேலூர் திட்டமிட்ட நகரம் அல்லவா என்று கேட்கலாம். ஆளுநர் மோன்மாஞி அங்கே தெருக்களை விசிறிபோல் விரிக்க எண்ணியது உண்மையே. ஆனால் மடங்களுக்குப் போன பெரிய மனைகள் அந்த விசிறியை மடக்கிவிட்டன. மதில்? அதை 1745இல் பிரெஞ்சுக்காரர்கள் எழுப்பத் தொடங்கினார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் 1759இல் நகரம் பிரிட்டிஷார் கைக்குப் போனபின், கோட்டையின் பெரும்பகுதியைக் கட்டியவர்கள் அவர்களே. 1871இல் பிரிட்டிஷ் படை வெளியேறியதும், போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று வாயில்களை இடித்தது நகரம். மதிலைக் காக்க வாதாடியவர், வேடிக்கைதான், பிரிட்டிஷ் ஆளுநர் நாயகம் டஃபரின் பிரபு. இன்று பழைய பிரான்ஸ் என்று படமெடுக்கப்படும் சேன் லூயி வாயில், வண்டிகள் தடையின்றிப் போக அகலமாக்கி மீண்டும் கட்டிய 19ஆம் நூற்றாண்டுக் கட்டடம்.