பூட்டிய இசை

நேயர்களே, இசையைப் பூட்டி விற்க முயன்ற ஒரு சிறு காலத்தின் வரலாற்றை இன்று கூற எண்ணுகிறேன். 2000ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளே அக்காலம்.

1982ஆம் ஆண்டில் யப்பானிலே முதன்முதல் விற்பனைக்கு வந்த இறுவட்டை வகுத்தவை ஒல்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனமும் யப்பானின் சோனி நிறுவனமுமாம். 12 சதமமீற்றர் விட்டமுள்ள அத்தட்டில் ஓசை எண்களாகப் பதியப்பட்டது. வினாடிக்கு 44,100 மாதிரிகள். அவ்வெண்களுக்குப் பூட்டு எதுவும் வகுக்கப்படவில்லை. வீட்டு மேசையிலுள்ள ஒரு கணினி அத்தட்டைச் சில நிமிடங்களிற் படியெடுக்குமென அந்நாளில் எவர்தாம் நினைத்திருப்பார்?

நினையாதது நடந்தது, இசை நிறுவனத்தார் அஞ்சினர். ஆயின், பூட்டுவதிலும் ஓர் இடர் இருந்தது. உலகெங்கும் முன்னரே விற்கப்பட்ட கருவிகளிற் புதிய தட்டும் பாடியாதல் வேண்டும், கணினியிலோ படியெடுபடலாகாது. ஆகவே கணினியை ஏமாற்றும் உபாயங்களை நாடினர். ஒரு முறையில், தட்டின் வெளிவிளிம்பிலே பொய்யான தகவற் சுவடொன்று சேர்க்கப்பட்டது. அதனைப் படிக்க முயன்று கணினி தடுமாறும். 2002இல் இதற்கு மாற்றுக் கண்டவர்கள் கையிலெடுத்த ஆயுதம், கடையில் விற்கும் தடித்த மைப்பேனை! விளிம்பிலே மையைப் பூசினர், பொய்ச் சுவடு மறைந்தது, பாட்டு வந்தது. மறுவருடம் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழக மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மன், வேறொரு பூட்டை ‘ஷிப்ட்’ விசையை அழுத்திக்கொண்டு தட்டை இடுவதாலேயே தவிர்க்கலாமென எழுதினார். பூட்டைச் செய்த நிறுவனம் வழக்குத் தொடரப்போவதாக மிரட்டிப் பின்னர் அடங்கியது.

2005இல் நிகழ்ந்ததைக் கேட்டுச் சிரிக்க இயலாது. சோனி பி.எம்.ஜி. நிறுவனத்தின் 52 இசைத்தொகுப்புகளில் ஒரு பிரித்தானிய நிறுவனம் ஆக்கிய நிரல் பொதிந்திருந்தது. விண்டோஸ் கணினியுள் அது புகுந்து, ஒரு குறித்த குறியீட்டுடன் தொடங்கும் பெயருடைய கோப்புகள் அனைத்தையும் கண்ணுக்குப் புலப்படாமல் மறைத்தது. இம்மறைப்பைப் பற்றி, வாங்கியவருக்கு ஒரு சொல்லும் கூறப்படவில்லை. ஒக்டோபர் 31ஆம் நாள் மார்க் றுசினோவிச் என்னும் கணினி வல்லுநர் தமது கணினியிலேயே இதனைக் கண்டு வெளிப்படுத்தினார். சில நாட்களுள் தீநிரல் எழுதுவோர் அம்மறைவிடத்திற் குடிபுகுந்தனர். அதனை நீக்குவதற்கு நிறுவனம் இணையவழி அளித்த நிரலோ, கணினியின் கதவை இன்னும் அகலத் திறந்துவிட்டது. நவம்பரிலே தட்டுகள் மீளப்பெறப்பட்டன. ரெக்சாஸ் மாநிலச் சட்டமா அதிபர் வழக்கிட்டார்.

இதிலே துன்புற்றவர் யார்? காசு கொடுத்து வாங்கியவர். இணையத்திற் களவாய்ப் பெற்றவனுக்கோ பூட்டே இல்லாத பாட்டுக் கிடைத்தது. ஒளித்தோடிய ஒருவனுக்காக, வகுப்பில் அமர்ந்திருந்த பிள்ளைகளையெல்லாம் முழந்தாளிடச் செய்த ஆசிரியர்களை நான் என் பணிக்காலத்திற் கண்டதுண்டு.

பிற்பாடு அந்நிரலைப் பிரித்து ஆராய்ந்தோர் மற்றொன்றையும் கண்டனர். ‘லேம்’ என்னும் இலவச நிரலின் பகுதிகள், அதன் உரிம நிபந்தனைகள் பேணப்படாமல், அந்தப் பூட்டினுள்ளேயே படியெடுத்து வைக்கப்பட்டிருந்தன.