வெளிநாட்டில் படிக்க, பயிற்சி எடுக்க, தன்னார்வலரா போக பணம் யார் தருவாங்க? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இளைஞர்களுக்கான முழு விவரம்

ராஜபாளையம் நூற்பாலையிலோ, சத்திரப்பட்டி பேண்டேஜ் துணித் தறியிலோ வேலை பார்க்கும் குடும்பத்தில் ஒரு பிள்ளை "வெளிநாடு போகணும்"னு சொன்னா, முதல்ல பேச்சுக்கு வர்றது நகையும் வீட்டுப் பத்திரமும்தான். அதை அடகு வைக்கும் முன், முழுச் செலவையும் ஏற்கும் திட்டங்கள் எவை, யாருக்கு எது பொருந்தும் எனப் பார்க்கலாம்.

எஸ்.சி, எஸ்.டி மாணவர்களுக்கு என்ன இருக்கு?

தமிழக அரசின் 'அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம்' ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர் மாணவர்களுக்கானது. வெளிநாட்டில் முதுகலை அல்லது பிஎச்.டி படிக்க ஆண்டுக்கு ரூ.36 லட்சம் வரை கிடைக்கும். குடும்ப வருமான வரம்பு உண்டு. விருதுநகரில் உள்ள மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

மத்திய அரசின் தேசிய அயலக உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள். அதில் 115 எஸ்.சி பிரிவுக்கு, மீதி சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பங்களுக்கு. வயது 35-க்குள், மதிப்பெண் 60%, குடும்ப வருமானம் ஆண்டுக்கு ரூ.8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். க்யூ.எஸ் தரவரிசையில் முதல் 500-க்குள் உள்ள பல்கலைக்கழகத்தில் சேர்க்கைக் கடிதமும் தேவை.

மத்த பிரிவினருக்கு?

ஐரோப்பிய யூனியனின் 'எராஸ்மஸ் முண்டஸ்' முதுகலைத் திட்டத்துக்குச் சாதியும் பார்ப்பதில்லை, வருமானமும் பார்ப்பதில்லை. குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்கலாம். கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதங்கள். கடைசி வருஷம் படிக்கிறவங்களும் விண்ணப்பிக்கலாம். பெரும்பாலான படிப்புகளுக்கு அக்டோபர் முதல் ஜனவரி வரை விண்ணப்பம் வாங்குவார்கள். ரிசல்ட் வந்த பிறகு தேட ஆரம்பித்தால் ஒரு வருடம் போய்விடும்.

பயிற்சிக்குப் போக?

ஜெர்மனியின் 'ஆஸ்பில்டுங்' தொழிற்பயிற்சியில் படிக்கும்போதே நிறுவனம் மாத ஊதியம் தரும். பொதுவாக பி1 நிலை ஜெர்மன் மொழியாவது தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப தமிழக அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை நடத்துகிறது.

தன்னார்வலராகப் போனா காசு கட்டணுமா?

ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் 18 முதல் 26 வயது வரையிலானவர்களுக்கு எனத் தனிப் பிரிவு உள்ளது. வாழ்க்கைச் செலவுக்கான மாதத் தொகையும் காப்பீடும் ஐ.நா. தரும். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. வீட்டிலிருந்தே ஆன்லைனில் தன்னார்வப் பணி செய்யும் வசதியும் உண்டு. ஆனால் அதற்கு ஊதியம் கிடையாது.

நம்ம கையில இருந்து எவ்வளவு போகும்?

பாஸ்போர்ட்டுக்கு ரூ.1,500. அதோடு ஆங்கிலத் தேர்வுக் கட்டணமும் சேரும். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் உதவித்தொகை இல்லாமல் சொந்தச் செலவில் போனால், விசாவுக்காக ஓராண்டு வாழ்க்கைச் செலவாக 11,904 யூரோவை வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும். ரூபாயில் அது பத்து லட்சத்தைத் தாண்டும். 'ஃபீஸ் ஃப்ரீ'ன்னு சொல்ற ஏஜென்ட் பல நேரம் இதைச் சொல்றதில்லை.

எங்க ஏமாறுறாங்க?

"ஸ்காலர்ஷிப் கன்ஃபார்ம், முன்பணம் கட்டுங்க" என யாராவது கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே சொன்ன எந்த உதவித்தொகைக்கும் ஏஜென்ட் தேவையில்லை. வேலைக்கு அனுப்பும் ஏஜென்ட் என்றால் 'இ-மைக்ரேட்' தளத்தில் அவரது பதிவு எண்ணைத் தேடிப் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடிய உச்சவரம்பு ரூ.30,000, அதோடு ஜி.எஸ்.டி. அதற்கு மேல் கேட்டால் சட்டவிரோதம்.

இப்பவே என்ன செய்யலாம்?

வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டிலும் தாலுகா அலுவலகம் இருப்பதால் இதற்காக விருதுநகர் வரை அலைய வேண்டாம். பாஸ்போர்ட்டுக்கு ஆன்லைனில் பதிவு செய்யுங்கள். நம்ம மாவட்டம் மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது. மூன்றையும் கையில் வைத்துக்கொண்டால், அறிவிப்பு வந்த அன்றே விண்ணப்பிக்கலாம்.