பிரிட்ஜ்மேட்

டூப்ளிகேட் பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் மேசைதோறும் வைக்கப்படும், புள்ளி பதியும் கம்பியில்லாக் கருவி. நெதர்லாந்துத் தயாரிப்பு, பார்வைக்குப் பருத்த கால்குலேட்டர் போலிருக்கும்.

ஒரே சீட்டுப் பங்கீட்டைப் பல மேசைகளில் ஆடி முடிவுகளை ஒப்பிடுவதே டூப்ளிகேட் முறை. முன்பு 'டிராவலர்' என்ற தாள் சீட்டுகளோடு மேசைக்கு மேசை நகரும். கடைசியில் நடுவர் உட்கார்ந்து கூட்டிக் கழிப்பார். இப்போது வழக்கமாக வடக்குத் திசை ஆட்டக்காரர் ஒப்பந்தம், அதை ஆடியவர், முதல் சீட்டு, எடுத்த பிடிகள் ஆகியவற்றைக் கருவியில் தட்டுகிறார். எதிரணி சரிபார்த்து ஒப்புக்கொண்டதும் விவரம் ரேடியோ அலை வழியே கணினிக்குப் போய்விடும்.

பதிந்த ஒப்பந்தத்தையும் பிடிகளையும் வைத்தே புள்ளி வரும்: நான்கு ஸ்பேட் கேட்டு 10 பிடி எடுத்தால் 420 புள்ளி. மூன்று நோ-டிரம்ப்பில் அதே 10 பிடிக்கு 430 (இரண்டும் வல்னரபிள் அல்லாத, அதாவது போனஸும் அபராதமும் குறைவான நிலையில்). ஜோடிப் போட்டியில் இந்த வித்தியாசமே தரவரிசையைப் புரட்டும்: தன்னைவிடக் குறைவாக எடுத்த ஒவ்வொரு ஜோடிக்கும் 2, சமமாக எடுத்ததற்கு 1 மேட்ச் புள்ளி கிடைக்கும்.

2015-இல் சென்னையில் நடந்து, போலந்து வென்ற பெர்முடா பௌல் போன்ற அணிப் போட்டிகளில் அந்த 10 புள்ளி வித்தியாசம் கணக்கிலேயே வராது.

கருவியில் ஆடியவரின் திசையைத் தவறுதலாக மாற்றிப் பதிந்தால் நடுவர் கணினியில் திருத்துவார்.