சம்பளம் பின்னால் வந்த ஆட்டம்: இந்துமதி கதிரேசனும் கடலூர்ப் பெண்கள் கால்பந்தும்

போலந்திலோ ஜெர்மனியிலோ ஒரு தொழில்முறைக் கால்பந்து வீரரின் வரலாற்றை எழுதுபவருக்குப் பாதை தெளிவாகவே கிடைக்கும். சிறுவயதில் ஊர்க் கிளப்பின் இளையோர் அணி, பிறகு ஒப்பந்தம், அதன்பின் பெரிய லீக். கடலூரில் இந்த வரிசை தலைகீழாக நடந்தது. வீராங்கனைகள் முதலில் வந்தார்கள், லீக் பிறகு வந்தது, ஒழுங்கான சம்பளம் எல்லாவற்றுக்கும் கடைசியாக எட்டிப் பார்த்தது. கடலூரில் 1994இல் பிறந்த நடுக்கள வீராங்கனை இந்துமதி கதிரேசனின் ஆட்ட வாழ்க்கையில் இதைக் காணலாம். பெண்களுக்கான இந்திய லீக் 2016–17 பருவத்தில் தொடங்கியபோது அவருக்கு வயது 22.

இந்த மாவட்டத்தில் பெண்கள் கால்பந்துக்கு அடித்தளம் போட்டது கிளப் அல்ல, விடுதி. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, பெற்றோரை இழந்தவர்களும் வறிய வீட்டுப் பிள்ளைகளுமாக விடுதிகளில் தங்கிப் படித்த சிறுமிகளைப் பயிற்சியாளர் மாரியப்பன் மைதானத்துக்கு அழைத்து வந்தார். அந்த முயற்சியோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமி. பத்திரிகைகள் அத்தனை பேரையும் 'சுனாமிப் பிள்ளைகள்' என்றே எழுதின. அது எல்லாருக்கும் பொருந்தாது. படிப்பவர் கண்ணை ஈரமாக்கப் போய், பல ஆண்டுக் காலைப் பயிற்சியை அது மறைத்துவிட்டது என்பது என் கருத்து.

பலன் 2018இல் தெரிந்தது. பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசிய சாம்பியன்ஷிப் இறுதியில், அந்தக் கோப்பையைப் பெரும்பாலும் தன்னிடமே வைத்திருந்த மணிப்பூரைத் தமிழ்நாடு 2–1 என்று வென்றது. நந்தினியும் இந்துமதியும் கோல் அடித்தனர். தமிழ்நாட்டுக்கு அது முதல் பட்டம். அதே ஆண்டு ஷில்லாங்கில் நடந்த இந்திய லீக்கில் கடலூர் அகாடமி தன் பெயரிலேயே களமிறங்கியது. 2019 மார்ச்சில் நேபாளத்தின் விராட்நகரில் நடந்த தெற்காசியக் கோப்பை அரையிறுதியில், வங்கதேசத்துக்கு எதிராக இந்துமதி 2 கோல் அடித்தார். இந்தியாவே கோப்பையை வென்றது. மே மாதம் மதுரையின் சேது அணி லூதியானாவில் லீக் பட்டம் வென்றது. அந்த அணியிலும் இந்துமதி இருந்தார்.

இவ்வளவு இருந்தும் இதை முழு அர்த்தத்தில் தொழில் என்று சொல்ல முடியுமா? அன்றைய லீக் ஒரே ஊரில் சில வாரங்களில் முடிந்துவிடும். மீதி மாதங்களுக்கு வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே. இந்துமதிக்கு அந்த ஆதாரம் தமிழ்நாடு காவல் துறையின் உதவி ஆய்வாளர் பணி. 2020 பொது முடக்கத்தில், தேசிய அணி வீராங்கனை சென்னைச் சாலையில் முகக்கவசத்தோடு காவல் பணியில் நின்ற செய்தி நாடெங்கும் பரவியது. அதைப் பாராட்டாகவே எல்லாரும் படித்தார்கள். ஆண்கள் அணியில் நிரந்தர இடம் பிடித்த ஒருவர் பிழைப்புக்காக இன்னொரு வேலை பார்க்க நேர்ந்திருந்தால் அப்படிப் படித்திருப்பார்களா என்பது வேறு கேள்வி.

மாற்றம் தாமதமாகவே வந்தது. 2023இல் அகில இந்திய கால்பந்து சம்மேளனம், லீக்கின் முதல் 8 கிளப்புகள் ஒவ்வொன்றும் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.20 லட்சம் ரூபாயாவது தர வேண்டும் என்று அறிவித்தது. மாதத்துக்குச் சுமார் 27,000 ரூபாய். 2023–24 பருவத்தில்தான் சொந்த ஊர், எதிரணி ஊர் என்று மாறி மாறி ஆடும் முறை வந்தது. அதற்குள் இந்துமதிக்கு வயது 29. 2023 ஜூனில் அமிர்தசரசில் ஹரியானாவை வென்று தமிழ்நாடு இரண்டாவது தேசியப் பட்டம் பெற்றபோதும் அவர் அணியில் இருந்தார்.

இந்த வரலாற்றுக்கு ஆதாரமாகக் கிடைப்பவை பெரும்பாலும் இறுதிப் போட்டிச் செய்திகளே. பள்ளி, வட்டார ஆட்டங்களின் தொடக்கக் காலத்தை எழுத அவை போதா. குமராட்சி, சிதம்பரம், கடலூர்ப் பகுதிப் பள்ளிகளில் பணியாற்றிய உடற்கல்வி ஆசிரியர்களிடம் பழைய அணிப் பட்டியலோ சான்றிதழோ புகைப்படமோ இருந்தால், எடைக்குப் போடாமல் அருகிலுள்ள நூலகத்திலோ கல்லூரியிலோ ஒப்படைக்க வேண்டுகிறேன்.