பதிவேட்டில் ஒரு சொல்

மாணவர்களே, பள்ளியை விட்டு நீங்குவோருக்கு வழங்கும் மாற்றுச் சான்றிதழில் ‘நடத்தை’ என்றொரு கட்டம் உண்டு. அதில் ஒரு சொல் எழுதுவது தலைமையாசிரியனின் கடமை. பல்லாண்டுகள் அச்சொல்லை எழுதிய கை என் கை. அத்தகைய சொல்லொன்று ஒரு ரயில்வே தொழிலாளியின் வாழ்வில் புகுந்த வரலாற்றை இன்று கூற விழைகிறேன்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தலைநகர் சிட்னி. அந்நகரின் ரெட்பெர்ன் பகுதியில் 1891-ஆம் ஆண்டு பிறந்தவர் ஜான் ஜோசப் கேஹில். பதினாறாம் வயதில் ஈவ்லி ரயில்வே தொழிற்சாலையில் பிட்டர் வேலை பயிலச் சேர்ந்தார். தொழிற்சங்கத்திலும் ஊக்கமுடன் உழைத்தார்.

1917-ஆம் ஆண்டு, முதல் உலகப் போரின் நடுவே, நிர்வாகம் ஒரு புது முறையைப் புகுத்தியது. ஒவ்வொரு வேலைக்கும் தொழிலாளி எடுத்துக்கொண்ட நேரம் ஓர் அட்டையில் குறிக்கப்படலாயிற்று. தம்மை இயந்திரம்போல் விரட்டும் சூழ்ச்சி இது எனத் தொழிலாளர் கருதினர். ஆகஸ்டு 2-ஆம் நாள் வேலைநிறுத்தம் மூண்டது. சுரங்கத் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும் சேர்ந்துகொள்ள, ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் பணி துறந்தனர். எனினும் செப்டம்பரில் போராட்டம் தோற்றது. கேஹில் வேலையிழந்தார். அவரைப் பற்றிய பதிவில் ‘கிளர்ச்சிக்காரர்’ என்ற சொல் எழுதப்பட்டது. மீண்டும் ரயில்வே பணி கிட்டியது 1922-இல்தான்.

மக்களோ அவரை 1925-இல் சட்டமன்றத்துக்கு அனுப்பினர். 1952-இல் அவர் மாநிலத்தின் முதல்வரானார். தம்மை விலக்கிய ரயில்வே இப்பொழுது தம் அரசின் கீழ் இருந்தது! 1958-இல் அவர் அரசு தொழிலாளருக்கு ஆண்டுக்கு மூன்று வார ஊதிய விடுமுறை வழங்கியது. ஆணுக்கு நிகரான வேலை செய்யும் பெண்ணுக்குப் படிப்படியாகச் சம ஊதியம் கிடைக்கவும் சட்டமியற்றியது.

நிற்க. சிட்னித் துறைமுகத்தில் பாய்மரம் விரித்தாற்போல் நிற்கும் இசையரங்கின் படத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதை எழுப்பத் துணிந்தவரும் இவரே. வீடும் மருத்துவமனையும் வேண்டியிருக்க அரங்கம் எதற்கு என்று அவர் கட்சியினரே வினவினர். நியாயமான வினாவே. உயர்ந்த கலை செல்வர்க்கு மட்டும் உரியதன்று, உழைப்பவர்க்கும் உரியது என்பது கேஹிலின் துணிபு. ஆகவே வரிப்பணத்தைப் பெரிதும் நாடாமல், 1957-இல் பரிசுச் சீட்டு ஏற்படுத்திப் பொருள் திரட்டினார். டென்மார்க்கு நாட்டுச் சிற்பி யோர்ன் உட்சனின் வரைவு அவ்வாண்டே தேர்ந்தெடுக்கப்பெற்றது.

ஒரு குறையையும் மறைத்தலாகாது. தேர்தல் நெருங்கியது, வரைபடங்கள் முற்றுப்பெறுமுன்பே, 1959 மார்ச் 2-ஆம் நாள் வேலை தொடங்கிற்று. அவ்வவசரமும் செலவைப் பெருக்கியது. தொடக்கத்தில் 70 லட்சம் டாலருக்கு நிகராக மதிப்பிடப்பட்ட பணி, 10 கோடியே 20 லட்சத்தில் முடிந்தது. கேஹில் அதைக் காணவில்லை. 1959 அக்டோபர் 22-ஆம் நாள் பதவியிலிருக்கும்போதே மறைந்தார். அரங்கம் 1973-இல் திறக்கப்பெற்றது. 2007-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

‘கிளர்ச்சிக்காரர்’ என்று எழுதிய அதிகாரி பொய் எழுதவில்லை. ஆனால் முழுமையும் எழுதவில்லை. ஒரு மனிதனை ஒரு கட்டத்துக்குள் ஒரு சொல்லால் அடக்கிவிட முடியாது. இதை நான் காலந்தாழ்த்தி உணர்ந்தேன். நீங்கள் இளமையிலேயே உணர்வீர்களாக.