பட்டம் வென்றும் நிலைக்காத பதவி: அமெரிக்க பேஸ்பால் மேலாளர்கள் குறித்த ஒரு பார்வை

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பில் ஓர் அணி பெறக்கூடிய மிக உயர்ந்த பட்டம் 'உலகத் தொடர்' வெற்றியாகும். 2001 முதல் 2025 வரை நடைபெற்ற 25 உலகத் தொடர்களில் 18 மேலாளர்கள் தங்கள் அணிக்கு அப்பட்டத்தைப் பெற்றுத் தந்துள்ளனர். எனினும், 2025-ஆம் ஆண்டுப் பருவம் முடிவுற்று அணிகளின் பொறுப்பு மாற்றங்கள் அறிவிக்கப்பட்டபோது, தாங்கள் பட்டம் வென்ற அதே அணியின் பொறுப்பில் நீடித்தவர்கள் இருவர் மட்டுமே. அவர்களிலும் ஒருவர், இடையில் ஒருமுறை பதவியை இழந்து மீண்டும் அழைக்கப்பட்டவர் என்பது குறிப்பிடத்தக்கது.

மேலாளரின் பணி என்ன?

கிரிக்கெட்டில் ஆடுகளத்தில் அணித்தலைவர் எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவற்றை பேஸ்பாலில் மேலாளரே எடுக்கிறார். மட்டை வீரர்களின் வரிசையை அமைப்பது, களைத்துப்போன பந்துவீச்சாளரை எப்போது மாற்றுவது, மாற்று வீரரை எந்தத் தருணத்தில் இறக்குவது ஆகியவை அவரது பொறுப்பு. வீரர்களைப் போலவே அவரும் அணியின் சீருடை அணிந்து, மைதானத்தின் ஓரத்தில் உள்ள அமர்விடத்தில் இருப்பார்.

ஆனால், வீரர்களை ஒப்பந்தம் செய்வதும், பிற அணிகளுடன் பரிமாறிக்கொள்வதும், சம்பளத்துக்கு எவ்வளவு செலவிடலாம் என்பதைத் தீர்மானிப்பதும் அவர் கையில் இல்லை. அவை பொது மேலாளர் அல்லது பேஸ்பால் நடவடிக்கைகளின் தலைவர், அவருக்கும் மேலாக அணி உரிமையாளர் ஆகியோரின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. மொத்தம் 30 அணிகள், ஒவ்வோர் அணிக்கும் வழக்கமான பருவத்தில் 162 ஆட்டங்கள். அணியைக் கட்டமைப்பவர் ஒருவர், தோல்விக்குப் பதில் சொல்பவர் வேறொருவர் என்ற இந்த ஏற்பாட்டில்தான் மேலாளர் பதவியின் நிலையற்ற தன்மை தொடங்குகிறது.

பட்டத்துக்குப் பின் பணிநீக்கம்

வர்ணனையாளராக இருந்த பாப் பிரென்லி, மேலாளராகப் பொறுப்பேற்ற முதல் ஆண்டான 2001-இலேயே, நியூயார்க் யாங்கீஸ் அணியை ஏழு ஆட்டங்கள் கொண்ட தொடரில் வீழ்த்தி அரிசோனா டைமண்ட்பேக்ஸ் அணிக்குப் பட்டம் பெற்றுத் தந்தார். மறு ஆண்டு அவரது அணி 98 ஆட்டங்களில் வென்றது. 2004-இல் அணி சரிந்தபோது, ஜூலை 2-ஆம் தேதி அவர் நீக்கப்பட்டார். மேலாளரை மாற்றியும் நிலைமை சீரடையவில்லை. அந்த ஆண்டில் அணி 111 ஆட்டங்களில் தோற்றது. பிரென்லிக்கு வேறெந்த அணியிலும் மேலாளர் பதவி கிடைக்கவில்லை.

ஃபிலடெல்ஃபியா ஃபில்லிஸ் அணிக்கு 2008-இல் பட்டம் வென்று தந்த சார்லி மானுவல், 2007 முதல் 2011 வரை தொடர்ந்து ஐந்து முறை அணியைப் பிரிவில் முதலிடத்துக்குக் கொண்டுவந்தவர். முக்கிய வீரர்களுக்கு வயது ஏற, வெற்றிகள் குறைந்தன. 2013 ஆகஸ்டில் தமது 1,000-ஆவது வெற்றியைப் பெற்ற சில நாள்களிலேயே அவர் பதவியிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் ஜான் ஃபேரல் 2013-இல் பட்டம் வென்றார். 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகளிலும் அணி தலா 93 வெற்றிகளுடன் பிரிவில் முதலிடம் பிடித்தும், இறுதிச் சுற்றுகளின் தொடக்கத்திலேயே வெளியேறியது. 2017 அக்டோபரில் ஃபேரல் நீக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த அலெக்ஸ் கோராவின் கீழ் அதே அணி 2018-இல் 108 வெற்றிகளையும் உலகத் தொடர் பட்டத்தையும் பெற்றது. மேலாளரை மாற்றுவதால் பயன் உண்டு என வாதிடுவோர் எடுத்துக்காட்டும் நிகழ்வு இது.

வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியின் டேவ் மார்டினெஸ் இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு. 2019-இல் முதல் 50 ஆட்டங்களில் 31-இல் தோற்ற அணி, அதே ஆண்டில் பட்டம் வென்றது. அதன் பின்னர் மேக்ஸ் ஷெர்சர், ட்ரே டர்னர், ஹுவான் சோட்டோ உள்ளிட்ட நட்சத்திர வீரர்களைப் பிற அணிகளுக்கு அனுப்பி, இளம் வீரர்களைக் கொண்டு அணியை மறுகட்டமைக்க நிர்வாகம் முடிவெடுத்தது. தோல்விகள் தொடர்ந்த நிலையில், 2025 ஜூலையில் பொது மேலாளர் மைக் ரிஸோவுடன் சேர்த்து மார்டினெஸும் நீக்கப்பட்டார்.

புதுப்பிக்கப்படாத ஒப்பந்தங்கள்

பணிநீக்கம் என்ற சொல்லைப் பயன்படுத்தாமலே விடைகொடுக்கும் முறையும் உண்டு. 86 ஆண்டுகள் பட்டமின்றி இருந்த ரெட் சாக்ஸ் அணிக்கு 2004-இலும், மீண்டும் 2007-இலும் வெற்றி தேடித் தந்த டெர்ரி ஃபிராங்கோனாவின் ஒப்பந்தம், 2011 செப்டம்பரில் அணி கண்ட பெரும் சரிவுக்குப் பின் நீட்டிக்கப்படவில்லை. யாங்கீஸ் அணிக்கு நான்கு பட்டங்கள் பெற்றுத் தந்த ஜோ டோரி, 2007-இல் குறைந்த ஊதியத்தில் முன்வைக்கப்பட்ட ஓராண்டு ஒப்பந்தத்தை ஏற்காமல் வெளியேறினார். அவருக்கு அடுத்து வந்து 2009-இல் பட்டம் வென்ற ஜோ ஜிரார்டிக்கும் 2017-க்குப் பின் வாய்ப்பு வழங்கப்படவில்லை.

சிகாகோ கப்ஸ் அணி 1908-க்குப் பின் முதன்முறையாக 2016-இல் ஜோ மேடன் தலைமையில் பட்டம் வென்றது. 108 ஆண்டுக் காத்திருப்பை முடித்துவைத்த அவரது ஒப்பந்தமும் 2019-உடன் முடிந்தது.

ஒழுங்கு நடவடிக்கை

ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி 2017-இல் பட்டம் வென்ற பருவத்தில், எதிரணியின் சைகைகளைக் கேமரா மூலம் திருடியது பின்னர் உறுதி செய்யப்பட்டது. 2020 ஜனவரி 13-ஆம் தேதி மேலாளர் ஏ.ஜே. ஹின்ச்சுக்கு ஓராண்டு தடை விதிக்கப்பட்டது. அன்றே அணி உரிமையாளர் அவரைப் பதவி நீக்கினார். 2017-இல் ஆஸ்ட்ரோஸ் அணியில் உதவிப் பயிற்சியாளராக இருந்த கோரா, மறுநாளே பாஸ்டனில் தமது பதவியை இழந்தார். தடைக்காலம் முடிந்ததும் ஹின்ச் டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்கும், கோரா மீண்டும் ரெட் சாக்ஸ் அணிக்கும் நியமிக்கப்பட்டனர்.

புதிய வழக்கம் அல்ல

செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு வீரராகவும் மேலாளராகவும் இருந்து 1926-இல் பட்டம் வென்ற ரோஜர்ஸ் ஹார்ன்ஸ்பி, நீண்டகால ஒப்பந்தம் கோரியதைத் தொடர்ந்து, அதே ஆண்டு டிசம்பரில் வேறு அணிக்குப் பரிமாற்றம் செய்யப்பட்டார்.

1964-ஆம் ஆண்டின் நிகழ்வு இன்னும் விசித்திரமானது. கார்டினல்ஸ் மேலாளர் ஜானி கீன், யாங்கீஸ் அணியைத் தோற்கடித்துப் பட்டம் வென்ற மறுநாளே பதவி விலகினார். பருவத்தின் நடுவே அணி உரிமையாளர் தம்மீது நம்பிக்கை இழந்திருந்ததை அவர் அறிந்திருந்தார். அதே நாளில், தோற்ற யாங்கீஸ் அணி தனது மேலாளர் யோகி பெர்ராவை நீக்கியது. சில நாள்களில் அந்த இடத்துக்குக் கீன் நியமிக்கப்பட்டார். ஆனால் 1966-இல், முதல் 20 ஆட்டங்களில் 16-இல் அணி தோற்றதும் அவரும் நீக்கப்பட்டார்.

யாங்கீஸ் உரிமையாளர் ஜார்ஜ் ஸ்டெயின்பிரென்னரின் காலத்தில் இம்மாற்றங்கள் மேலும் விரைவாக நிகழ்ந்தன. 1978-இல் பருவத்தின் நடுவே பொறுப்பேற்றுப் பட்டம் வென்ற பாப் லெமன், 1979 ஜூனில் நீக்கப்பட்டார்.

தாமாக விலகியவர்கள்

எல்லா விலகல்களும் கட்டாயத்தால் நிகழ்ந்தவை அல்ல. டோனி லா ரூசா 2011-இல் கார்டினல்ஸ் அணிக்குப் பட்டம் வென்ற மூன்றாம் நாள் ஓய்வை அறிவித்தார். கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் அணியின் நெட் யோஸ்ட் 2019-இல் ஓய்வு பெற்றார். ஹின்ச்சுக்குப் பின் ஆஸ்ட்ரோஸ் பொறுப்பை ஏற்ற டஸ்டி பேக்கர், 2022-இல் தமது 73-ஆவது வயதில் பட்டம் வென்று, உலகத் தொடரை வென்ற மிக மூத்த மேலாளர் என்ற பெருமையைப் பெற்றார். அடுத்த ஆண்டு அவரும் ஓய்வு பெற்றார். சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியில் மூன்று பட்டங்களுடன் விடைபெற்ற புரூஸ் போச்சி, மீண்டும் வந்து 2023-இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணிக்கு அதன் முதல் பட்டத்தைப் பெற்றுத் தந்தார். 2025-உடன் அந்தப் பொறுப்பும் முடிந்தது.

காரணங்கள்

முதலாவது காரணம், வீரர்களின் ஒப்பந்தங்கள். 26 பேர் கொண்ட அணியை ஒரே நாளில் மாற்ற இயலாது. அவர்களில் பலருக்குப் பல ஆண்டுகளுக்கு உறுதி செய்யப்பட்ட ஊதியமும் உண்டு. மேலாளரை மாற்றுவதே நிர்வாகத்துக்கு விரைவான, செலவு குறைந்த வழியாகிறது.

இரண்டாவது, பட்டம் உயர்த்திவிடும் எதிர்பார்ப்பு. முன்னர் 93 வெற்றிகளில் மகிழ்ந்த ரசிகர்களும் உரிமையாளரும், பட்டத்துக்குப் பின் அதில் நிறைவடைவதில்லை. ஆனால் 2000-இல் யாங்கீஸ் தொடர் பட்டம் வென்ற பின், 2024 வரை எந்த அணியாலும் அடுத்தடுத்த ஆண்டுகளில் உலகத் தொடரை வெல்ல முடியவில்லை.

மூன்றாவது, நிர்வாகத்தின் தலையீடு. தரவு ஆய்வின் அடிப்படையில் நிர்வாகம் வகுக்கும் உத்திகளைக் களத்தில் செயல்படுத்துபவராகவே மேலாளர் இன்று பெரிதும் பார்க்கப்படுகிறார்.

நிலைத்தவர்கள்

கோனி மேக் 1901 முதல் 1950 வரை 50 பருவங்கள் ஃபிலடெல்ஃபியா அத்லெடிக்ஸ் மேலாளராக இருந்தார். அணியின் உரிமையிலும் அவருக்குப் பங்கு இருந்தது. டாட்ஜர்ஸ் அணிக்கு நான்கு பட்டங்கள் வென்ற வால்டர் ஆல்ஸ்டன், 1954 முதல் 1976 வரை 23 ஓராண்டு ஒப்பந்தங்களில் பணியாற்றினார். அதாவது, ஒவ்வோர் ஆண்டும் அவர் தம் பதவியை மீண்டும் ஈட்ட வேண்டியிருந்தது.

அதே டாட்ஜர்ஸ் அணியின் இன்றைய மேலாளர் டேவ் ராபர்ட்ஸ், 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து உலகத் தொடரில் தோற்றும் நிர்வாகத்தின் ஆதரவை இழக்கவில்லை. 2020, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் அவர் பட்டம் வென்றார். 2025 மார்ச்சில் அவருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்த நீட்டிப்பு வழங்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டுப் பருவத்தின் முடிவில், பட்டம் வென்ற அணியில் இடைவெளியின்றி நீடித்த ஒரே மேலாளர் அவரே.