கூகுள் பிளே ஸ்டோர் வழக்கு: கடை அவங்களோடது, விதியும் அவங்களே போடலாமா?

2024 மார்ச் 1 அன்று பாரத் மேட்ரிமோனி, நௌக்ரி, 99ஏக்கர்ஸ் உள்ளிட்ட இந்திய ஆப்களை கூகுள் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியது. சேவைக் கட்டணம் கட்டவில்லை என்பது காரணம். மத்திய அரசு தலையிட்ட சில நாட்களில் ஆப்கள் திரும்பி வந்தன. ஆனா பிரச்சினை முடியலை.

பெரிய கம்பெனியா இருப்பது குற்றமா?

இல்லை. 2002-ம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் 4-வது பிரிவு, சந்தையில் ஆதிக்கம் செலுத்துவதைத் தடுக்கவில்லை. அந்த ஆதிக்கத்தை தவறாகப் பயன்படுத்துவதைத்தான் தடுக்கிறது.

கூகுள் மீதான புகார் என்ன?

ஆப்புக்குள் டிஜிட்டல் சேவை விற்றால் கூகுளின் பில்லிங் முறையில்தான் பணம் வாங்கணும் என்பது அப்போதைய விதி. தன்னுடைய யூடியூபுக்கு மட்டும் அந்த விதியை கூகுள் பொருத்தவில்லை. இது பாரபட்சம் என்று இந்தியப் போட்டி ஆணையம் (சிசிஐ) 2022 அக்டோபரில் ₹936.44 கோடி அபராதம் விதித்தது. மற்ற பில்லிங் முறைகளையும் அனுமதிக்கச் சொன்னது.

அனுமதி கிடைத்ததா?

கிடைத்தது. கணக்கைப் பாருங்க. 15% கட்டணப் பிரிவில் இருக்கும் ஒரு ஆப், ₹100 சந்தாவுக்கு கூகுளுக்கு ₹15 தரணும். வேறு பில்லிங் முறையில் பணம் வாங்கினாலும் ₹11 தரணும். அந்த கேட்வேக்கான கட்டணம் தனி. மிச்சமாகும் ₹4-ல் அதையும் சமாளிக்கணும்.

கூகுள் என்ன சொல்கிறது?

இந்திய டெவலப்பர்களில் 3% பேர்தான் கட்டணம் கட்ட வேண்டியவர்கள், 15 சதவீதத்துக்கு மேல் கட்டுபவர்கள் 60 பேருக்கும் குறைவு என்று 2024-ல் கூகுள் சொன்னது. ஆண்ட்ராய்டு, பிளே ஸ்டோர் ரெண்டுக்கும் ஆகும் செலவு இந்தக் கட்டணத்திலிருந்துதான் வருகிறது என்பதும் அதன் வாதம். கடை நடத்த செலவாகும் என்பது நியாயம்தான். ஆனா கடைக்காரரே போட்டியாளராகவும் இருந்து, கட்டணத்தையும் அவரே முடிவு செய்தால் பேரம் பேச என்ன வழி?

வழக்கு எந்தக் கட்டத்தில்?

2025 மார்ச்சில் தேசிய கம்பெனி சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை ₹216.69 கோடியாகக் குறைத்தது. மேல்முறையீடுகளை அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் விசாரணைக்கு ஏற்றது.

தாமதத்தால் யாருக்கு லாபம்?

பாரத் மேட்ரிமோனியை நடத்தும் சென்னை நிறுவனம், கூகுள் தேடல் முடிவுகளில் பாரபட்சம் என்று 2012-லேயே சிசிஐயிடம் போனது. ₹135.86 கோடி அபராத உத்தரவு வந்தது 2018-ல். ஆறு வருஷம்! பெரிய கம்பெனி அவ்வளவு நாள் காத்திருக்கும். சின்ன ஸ்டார்ட்அப் காத்திருக்குமா? அதனால்தான் தவறு நடந்த பிறகு தண்டிப்பதற்குப் பதிலாக முன்கூட்டியே விதி போடும் டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு 2024 மார்ச்சில் வெளியானது.

அடுத்த முறை ஒரு ஆப் சந்தாவை ஏத்தினா, கடைக்கு எவ்வளவு போகுதுன்னும் கேட்டுப் பாருங்க.